அரியலூர்க் கடல் – 6: மூச்சு முட்டிய நீர்

ஏலாக்குறிச்சிக்குத் தெற்கே கொள்ளிடம். ஊர் நிற்பது ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலின் மேல். கிழக்குக் கடற்கரைக்கு இங்கிருந்து எந்த வழியில் போனாலும் 70 கிலோமீட்டருக்குக் குறையாது. அடைக்கல மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் ஆற்றைப் பார்ப்பார்கள், மணலைப் பார்ப்பார்கள். கடலை நினைக்க மாட்டார்கள். ஆனால் இந்த வண்டலுக்கும் அதற்கடியில் இருக்கும் கடலூர் மணற்கல்லுக்கும் கீழே, இத்தொடரில் நாம் பின்தொடர்ந்துவரும் அந்தப் பழைய கடலின் படிவுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அந்த அடுக்குகள் கிழக்கு நோக்கிச் சாய்ந்தவை. ஏலாக்குறிச்சியிலிருந்து வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் அவற்றில் பழையவை வெயிலில் வந்து நிற்கின்றன. அந்த இடத்தின் பெயர் காரை.

ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்று பாடியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்து, முப்பது வயதையொட்டித் தமிழ்நாடு வந்து, இந்தக் கொள்ளிடக் கரையில் கோயில் எழுப்பித் தமிழில் காப்பியம் செய்தவர். அவர் பிறந்த நாட்டுக்கும் அவர் வாழ்ந்த இந்த ஊருக்கும் இடையே அவர் காலத்தில் எவரும் அறிந்திராத ஓர் உறவு உண்டு. இத்தாலியின் அப்பெனைன் மலைத்தொடரில் கூப்பியோ என்ற ஊரருகே வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு மீட்டர் தடிமனில் ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிறது. 1891இல் குயிதோ பொனரெல்லி என்ற புவியியலாளர் அதை விவரித்து எழுதினார். இன்று அவர் பெயராலேயே அது அறியப்படுகிறது. அந்தக் கறுப்புப் பட்டை படிந்த அதே காலத்தில், 9 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பெரம்பலூர்ப் பக்கத்துக் கடலடியிலும் களிமண் படிந்துகொண்டிருந்தது. இந்த இதழில் பேசப்போவது அந்தக் காலத்தைத்தான். உலகின் கடல்களில் பெரும்பகுதி ஆக்சிஜன் இழந்த காலம் அது.

சென்ற இதழில் டால்மியாபுரத்துச் சுண்ணாம்புச் சுரங்கத்தில் பவளத் திட்டுகளைக் கண்டோம். கடல் ஆழம் குறைந்து, வெதுவெதுப்பாக, கரையை ஒட்டி நின்ற காலம் அது. அதன் பிறகு கடல் உயர்ந்தது. பவளம் மறைந்தது. கரையிலிருந்து தொலைவான அமைதியான அடித்தளத்தில் மட்டுமே தங்கக்கூடிய நுண்ணிய சேறு படியத் தொடங்கியது. அப்படிப் படிந்ததுதான் காரைப் படிவு. ஆலத்தூர் வட்டத்தில் காரையிலிருந்து கொளக்காநத்தம் வரை அதன் குறுக்கே நடந்து பார்க்கலாம். மரமில்லாத, செம்பழுப்பும் மஞ்சளும் சாம்பலுமான மேடுகள்; மழை அறுத்த ஓடைகள்; வெயிலில் பளபளக்கும் சிப்ஸம் தகடுகள். மொத்தத் தடிமன் 400 மீட்டரைத் தாண்டும். ஒவ்வொரு மழையும் மேட்டைச் சற்றே அரிக்கிறது. உள்ளே இருந்தவை வெளியே உருள்கின்றன. அம்மோனைட் சுருள்கள், ஒரு முனை கூர்ந்த விரல் நீள உருளைகளாகப் பெலெம்னைட்டுகள், சிப்பிகள், சுறாப் பற்கள், பாஸ்பேட் உருண்டைகள். சில இடங்களில் பெலெம்னைட்டுகளை மிதிக்காமல் நடக்க முடியாது. இன்றைய கணவாய்க்கும் ஊசிக்கணவாய்க்கும் உறவான உயிர்களின் உள்ளெலும்பு முனைகள் அவை.

இந்த மேடுகளை அறிவியல் உலகம் அறிந்தது 1840களில். சென்னை மாகாண சிவில் பணியில் இருந்த கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் சேர்த்த புதைபடிவங்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். பெட்டியில் வந்த சிப்பிகளை வைத்து ஒரு கடலின் வயதைச் சொல்லலாம் என்று அவர் காட்டியது பெரிய காரியம். ஆனால் எந்தச் சிப்பி எந்த அடுக்குக்கு மேலே, எந்த அடுக்குக்குக் கீழே கிடந்தது என்பது பெட்டியில் இல்லை. அதற்கு ஒருவர் நடந்தே ஆகவேண்டும்.

நடந்தவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்ட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1855இல் சேர்ந்தவர். தென்னார்க்காடு, திருச்சி மாவட்டங்களின் கிரெட்டேசியப் பாறைகளை அவர் அளந்து எழுதிய அறிக்கை 1862இல் வந்தது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று பெருந்தொகுதிகளாக அவர் பிரித்த பிரிவு இன்றும் நிற்கிறது. உள்ளே நுட்பமான திருத்தங்கள் பல வந்தும், அந்த மூன்று பெயர்களையும் எவரும் கைவிடவில்லை. காரைக் களிமண் ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்தது. இதே பிளான்ஃபோர்ட்தான் பின்னாளில், 1875இல், இந்திய வானிலைத் துறையின் முதல் தலைமைப் பொறுப்பை ஏற்றவர். இமயப் பனிக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பை எழுதியவர். பருவமழையைக் கணிக்க முயன்ற முதல் மனிதர் அதற்கு முன்பு மழை அறுத்த இந்த ஓடைகளில் வருடக்கணக்கில் அலைந்திருக்கிறார் என்பதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் தனி மரியாதை வருகிறது.

பிளான்ஃபோர்ட் அடுக்குகளைப் பிரித்தார் என்றால், அவற்றுள் இருந்த உயிர்களுக்குப் பெயரும் முகமும் கொடுத்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 1838இல் மொராவியாவில் பிறந்து, வியன்னாவில் படித்து, 1862இல் கல்கத்தா வந்தவர். தென்னிந்தியக் கிரெட்டேசிய உயிரினங்கள் பற்றி 1873 வரை நான்கு பெருந்தொகுதிகளாக வெளிவந்த நூலின் மிகப் பெரும்பகுதி அவர் உழைப்பு. முதலில் அம்மோனைட்டுகள், பிறகு நத்தைகள், பிறகு இருவோட்டுச் சிப்பிகள், கடைசியில் முள்தோலிகளும் பவளங்களும் மற்றவையும். ஊட்டத்தூர் அடுக்குகள் ஐரோப்பாவின் செனோமேனியனுக்கும், திருச்சி அடுக்குகள் தூரோனியனுக்கும், அரியலூர் அடுக்குகள் செனோனியனுக்கும் இணை என்று அவர் பொருத்திக் காட்டினார். கதிரியக்கக் காலக்கணிப்பு பிறப்பதற்கு முன்பு, சிப்பியோடு சிப்பியை வைத்து ஒப்பிட்டே செய்த பொருத்தம் இது. பெருமளவு சரியாக இருந்தது. 1874 ஜூன் மாதம், யார்க்கண்ட் தூதுக்குழுவோடு திரும்பும் வழியில் லடாக்கின் உயரத்தில் அவர் இறந்தார். வயது 36. கல்லறை லேயில் இருக்கிறது. இவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

செனோமேனியன் முடிந்து தூரோனியன் தொடங்கும் எல்லை 9 கோடியே 39 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விழுகிறது. உலகத்துக்கே இதற்கான அளவுகோல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், புவெப்லோ என்ற ஊரருகே இருக்கிறது. இந்த எல்லையில் ஏதோ நடந்திருக்கிறது என்பதை அம்மோனைட்டுகளின் மாற்றத்தைப் பார்த்தே 19ஆம் நூற்றாண்டில் உணர்ந்துவிட்டார்கள். என்ன நடந்தது என்பதற்கான விடை கடலுக்கடியிலிருந்து வந்தது. 1960களின் இறுதியில் தொடங்கிய ஆழ்கடல் துளையிடும் திட்டத்தில், அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் எடுத்த மண்தண்டுகளில் ஒரே வயதுடைய கறுப்புச் சேறு திரும்பத் திரும்ப வந்தது. 1976இல் சீமோர் ஸ்லாங்கரும் ஹியூ ஜென்கின்ஸும் அவற்றைக் கோத்துப் பார்த்தார்கள். இவை அங்கங்கே தனித்தனியாக நடந்தவை அல்ல, கடல் முழுவதையும் பாதித்த ஆக்சிஜன் இழப்பு நிகழ்வுகள் என்று எழுதினார்கள். கிரெட்டேசியத்தில் அப்படிப் பல நிகழ்வுகள் உண்டு. செனோமேனியன் முடிவில் வந்தது இரண்டாவது என்று எண்ணப்படுகிறது. பரப்பில் அதுவே பெரிது. கூப்பியோவின் கறுப்புப் பட்டை அதன் ஓர் ஏடு.

கடல் எப்படி ஆக்சிஜனை இழக்கும்? கோடையில் நம் ஏரியில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தண்ணீர் வற்றிச் சூடேறும். பாசி பச்சைப் பசேலென்று மூடும். ஒரு விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைத் தேடும். மறுநாள் வெள்ளை வயிறு காட்டி மிதக்கும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரைகிறது. செத்த பாசியை மக்கவைக்கும் பாக்டீரியாக்கள் இருக்கும் ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடுகின்றன. செனோமேனியன் முடிவில் இதே கணக்கு கடல் அளவில் நடந்தது. கரீபியன் பகுதியில் கடலடியில் பிரம்மாண்டமான எரிமலைக் குழம்பு வெளிப்பட்டது. ஆர்க்டிக்கிலும் அதே காலத்தையொட்டி எரிமலைகள் இயங்கின. கரியமில வாயு ஏறியது. ஏற்கெனவே சூடாக இருந்த பூமி மேலும் சூடானது. வெப்பமண்டலக் கடல்களின் மேல்நீர் 35 டிகிரி செல்சியஸையும் தாண்டியிருக்கும் என்று கணிக்கிறார்கள். சூடும் மழையும் பாறைகளை வேகமாகச் சிதைத்தன. அதிலிருந்து பாஸ்பரஸ் ஆறுகள் வழியே கடலுக்கு வந்தது. பாசி பெருகியது, செத்தது, மூழ்கியது, மக்கியது. ஆக்சிஜன் போனது. ஆக்சிஜன் இல்லாத சேறு தன்னிடம் பிடித்துவைத்திருந்த பாஸ்பரஸையும் திரும்ப நீருக்குள் விட்டது. அது மீண்டும் பாசிக்கு உரமானது. ஒருமுறை தொடங்கிய சுழல் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டது.

எரிமலைக்கும் கறுப்புச் சேற்றுக்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்தியது ஆஸ்மியம் என்ற அரிய உலோகம். கண்டங்களிலிருந்து அரித்து வரும் ஆஸ்மியத்துக்கும் பூமியின் ஆழத்திலிருந்து வரும் ஆஸ்மியத்துக்கும் ஐசோடோப்பு விகிதம் வேறு. 2008இல் வெளியான ஆய்வு, கறுப்புச் சேறு படியத் தொடங்குவதற்குச் சற்று முன்னரே கடல்நீரின் ஆஸ்மியம் ஆழ்பூமியின் விகிதத்துக்கு மாறியதைக் காட்டியது. எரிமலை முன்னே, மூச்சுத்திணறல் பின்னே.

வட அட்லாண்டிக்கில் நிலைமை இன்னும் கடுமை. ஆக்சிஜன் தீர்ந்த பின் சல்பேட்டை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் மேலோங்கி ஹைட்ரஜன் சல்பைடை வெளியிட்டன. அழுகிய முட்டை நாற்றமுள்ள, விஷமான வாயு. பச்சைக் கந்தக பாக்டீரியாக்கள் என்ற ஓர் இனம் உண்டு. அதற்கு வெளிச்சமும் வேண்டும், ஹைட்ரஜன் சல்பைடும் வேண்டும், ஆக்சிஜன் மட்டும் ஆகாது. அதன் நிறமி மூலக்கூறுகள் அக்காலத்துக் கறுப்புச் சேற்றில் கிடைக்கின்றன. வெளிச்சம் எட்டும் ஆழம் வரைக்கும் நஞ்சு ஏறியிருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. இந்த நிலை நீடித்த காலத்தைச் சில லட்சம் ஆண்டுகள் என்று கணக்கிடுகிறார்கள். கடல் முதுகெலும்பிலிகளின் பேரினங்களில் ஏறக்குறைய கால்பங்கு இந்த எல்லையை ஒட்டி அழிந்தது.

அதற்கு நடுவிலும் ஒரு குளிர் இடைவேளை வந்தது. அவ்வளவு கரிமச்சத்து சேற்றில் புதைந்ததால் காற்றிலிருந்த கரியமில வாயு குறைந்து, பூமி சற்றே ஆறியது. இங்கிலாந்தின் சுண்ணக்கல்லில் அந்த இடைவேளையை அடையாளம் காட்டுவது ஒரு பெலெம்னைட்: வடக்கின் குளிர்நீரில் வாழ்ந்த இனம், குளிர் தெற்கே பரவியபோது தானும் தெற்கே வந்தது. அதன் பெயரான பிளீனஸ் என்பதே அந்தக் குளிர் நிகழ்வுக்கும் பெயராகிவிட்டது. காரை ஓடையில் சாதாரணமாகக் காலில் இடறும் ஓர் உயிர்வகை, வேறொரு நாட்டில் கடலின் வெப்பத்தைச் சொல்லும் கருவியாக நிற்கிறது.

இனி நம் ஊர்க் கேள்வி. இந்த நிகழ்வு நடந்தபோது காரைக் கடல் எப்படி இருந்தது?

அன்று இந்தியா தென் அரைக்கோளத்தில் இருந்தது. அண்டார்க்டிகாவிடமிருந்து பிரிந்து, இடையே கடல் விரிந்துகொண்டிருந்தது. அந்தப் பிளவின் விளிம்பில் தாழ்ந்த பள்ளம்தான் காவிரிப் படுகை. மேற்கே மடகாஸ்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நம் கடல் ஒரு புதிய பெருங்கடலின் ஓரத்தில் திறந்த கடலாக இருந்தது. காரைக்குப் போய்க் கூப்பியோவைப் போல ஒரு கறுப்புப் பட்டையைத் தேடுகிறவருக்கு அது கிடைக்காது. செனோமேனியனிலிருந்து தூரோனியனுக்கு ஏறும் மேல் அடுக்குகளில் களிமண்ணோடு மணல் கலக்கிறது. சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் தொடர்கின்றன. இதை வைத்து இங்கே எதுவுமே நடக்கவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. ஆக்சிஜன் இழப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழவில்லை. அலையும் நீரோட்டமும் கலக்கிக்கொண்டிருந்த ஆழம் குறைந்த பகுதிகள் தப்பித்தன. ஆழமான, தேங்கிய படுகைகள் கறுத்தன. மேலும், வெயிலும் மழையும் படும் களிமண்ணில் கரிமச்சத்து நிற்காது. இன்று கண்ணில் படும் நிறத்தை மட்டும் நம்பி அன்றைய சேற்றின் நிறத்தைச் சொல்ல முடியாது. சிப்ஸம் தகடுகளைக் கவனியுங்கள். அவை அடுக்கை வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. ஆகவே அடுக்கு படிந்த பிறகு வந்தவை. சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த கந்தகம் காற்றுப் பட்டு அமிலமாகி, சிப்பியின் சுண்ணாம்பைக் கரைத்துச் சிப்ஸமாகப் படிவது களிமண் நிலங்களில் வழக்கமாக நடப்பது. இரும்புச் சல்பைடு உருவாவதோ ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குள்.

கிழக்கே, பூமிக்கடியில் காட்சி மாறுகிறது. காவிரிப் படுகையின் ஆழங்களில் துளையிட்ட எண்ணெய் எரிவாயுக் கழகம் சந்தித்த சாத்தப்பாடிக் களிப்பாறை, செனோமேனியன், அதற்கு முந்தைய ஆல்பியன் ஆகிய காலங்களைச் சேர்ந்தது. கரிமச்சத்து உள்ளது. படுகையின் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் தாய்ப்பாறைகளில் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள். கரையோரம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தபோதும், ஆழத்தில் சில இடங்களிலாவது செத்த உயிர்கள் மக்காமலே புதைந்தன என்பதற்கு இது சான்று.

எல்லையைத் துல்லியமாகப் பிடிக்க, கண்ணுக்குத் தெரியாத உயிர்களையே நம்ப வேண்டியிருக்கிறது. ஒரு கைப்பிடிக் காரைக் களிமண்ணை ஊறவைத்துக் கழுவிச் சலித்தால், நுண்ணோக்கியின் கீழ் ஃபோராமினிஃபெராக்களின் கூடுகள் தெரியும். ஒற்றைச் செல் உயிர்கள். சுண்ணாம்பில் கூடு கட்டுபவை. அவற்றில் ரோட்டாலிபோரா என்ற பேரினம் ஆழமான நீரில் மிதந்து வாழ்ந்தது. ஆக்சிஜன் அற்ற நீர் மேலேறியபோது அது வாழ்ந்த அடுக்கே பறிபோனது. செனோமேனியன் முடிவில் உலகம் முழுவதும் அது மறைந்தது. மேல்நீரில் மிதந்த எளிய வடிவங்கள் பிழைத்தன. அடுத்தது கார்பன். உயிர்கள் இலகுவான கார்பனையே விரும்பி உடலில் சேர்க்கின்றன. அவை மக்காமல் ஏராளமாகப் புதைந்தால், கடலில் கனமான கார்பனின் பங்கு ஏறும். சுண்ணாம்பில் ஆயிரத்துக்கு இரண்டு அளவுக்கு ஏறிய அந்தத் தடம், கறுப்புச் சேறு படியாத நாடுகளிலும் பதிந்திருக்கிறது. காரை போன்ற இடங்களின் மதிப்பு இங்கேதான். கறுத்த கடலில் இறந்தவர்களின் கணக்கு மட்டும் கிடைக்கும். கறுக்காத கடலில் பிழைத்தவர்களின் கணக்கும் கிடைக்கும்.

பிழைக்காதவர்களில் ஒருவர் நம் மண்ணின் பெயரைத் தாங்கியவர். 1879இல் ரிச்சர்ட் லைடெக்கர், ஊட்டத்தூர் அடுக்குகளிலிருந்து வந்த சில முதுகெலும்புத் துண்டுகளைப் பார்த்து, இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். மீன் வடிவம் கொண்ட கடல் ஊர்வன. நீரிலேயே குட்டி ஈன்றவை. 15 கோடி ஆண்டுகளுக்கு மேல் உலகக் கடல்களில் வேட்டையாடிய பெருங்குலம். லைடெக்கருக்குப் பின் இந்த விலங்கைப் பற்றி நீண்ட மௌனம். 2011இல் சார்லி அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் முதலானோர் காரையின் செனோமேனியன் தொடக்க அடுக்குகளில் கிடைத்த கடல்வாழ் முதுகெலும்பிகளை வெளியிட்டார்கள். பலவகைச் சுறாக்கள்; அவற்றுள் புதிய இனங்களும் உண்டு. கூடவே இக்தியோசர் பற்கள். அதாவது, குலம் அழிவதற்குச் சில பத்து லட்சம் ஆண்டுகள் முன்புவரை அது நம் கடலில் வேட்டையாடிக்கொண்டிருந்தது. செனோமேனியன் முடிவுக்குப் பின் உலகில் எங்குமே இக்தியோசர் இல்லை.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. இக்தியோசர் நுரையீரலால் சுவாசித்தது. திமிங்கலத்தைப் போல மேலே வந்து காற்றை எடுத்தது. தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டால் அது ஏன் சாக வேண்டும்? அதன் இரை செத்தது என்பது ஒரு பதில். பெலெம்னைட்டும் மீனும் குறைந்த கடலில் வேகமாக நீந்தும் பெருவிலங்கு பசியால் அழியும். ஆனால் 2016இல் வாலண்டைன் ஃபிஷர் குழுவினர் காட்டியது போல, அழிவு ஒரே அடியாக வரவில்லை. செனோமேனியன் தொடக்கத்தில் ஒரு சரிவு, முடிவில் இன்னொன்று. அதற்கும் முன்பே அந்தக் குலத்தில் புதிய வடிவங்கள் தோன்றும் வேகம் மங்கியிருந்தது. மாறிக்கொண்டே இருந்த வெப்பநிலைக்கும் கடல்மட்டத்துக்கும் அது ஈடுகொடுக்கவில்லை. எனக்கு இந்த விளக்கம்தான் ஏற்புடையதாகத் தோன்றுகிறது. பெரிய குலங்கள் கடைசி அடியில் சாவது போலத் தெரியும்; உண்மையில் அவை நெடுநாள் தளர்ந்தவையாக இருக்கும்.

காரை நமக்குத் தருவது பற்களும் முள்ளெலும்புகளும்தான். ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மாடன் என்ற ஊரில், 18 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய கறுப்புக் களிப்பாறையில், முழு இக்தியோசர்களே கிடைக்கின்றன. தோலின் விளிம்பு தெரிகிறது. முதுகுத் துடுப்பு தெரிகிறது. வயிற்றுக்குள் பிறக்காத குட்டிகள் தெரிகின்றன. அதுவும் ஒரு கடல் ஆக்சிஜன் இழந்த காலம். சடலம் அடியில் விழுந்தால் தின்ன நண்டு இல்லை, கிளற புழு இல்லை. உயிரைக் கொன்ற நிலைமையே உடலைக் காத்தது. நம் கடலடியில் அப்படியில்லை. நண்டும் புழுவும் சிப்பியும் வேலை செய்துகொண்டிருந்தன, சடலங்கள் சிதறின. காரையில் முழு எலும்புக்கூடு கிடைக்காதது இங்கே கடல் உயிரோடிருந்ததன் விலை.

ஆனாலும் சிறிய அளவில் அதே காரியம் இங்கும் நடந்திருக்கிறது. 2020இல் குன்னம் பகுதியில் குளம் தூர்வாரியபோது பெரிய கல் உருண்டைகள் வெளிவந்தன. டைனோசர் முட்டை என்று படங்கள் கைபேசி கைபேசியாகப் பரவின. வல்லுநர்கள் பார்த்துச் சொன்னது, அவை அம்மோனைட்டுகளைச் சுற்றித் திரண்ட உருண்டைகள் என்று. ஏமாற்றமடைந்தவர்கள் உண்டு. எனக்கு அவை முட்டையைவிட மேலானவை. அம்மோனைட் செத்துச் சேற்றில் புதையும். அதன் தசை மக்கும்போது சுற்றியிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து, அந்தச் சிறு வட்டத்துக்குள் மட்டும் வேதியியல் மாறும். சுண்ணாம்பு இறுகி ஓட்டைச் சுற்றிக் கெட்டியாகும். பிறகு மேலே எத்தனை மீட்டர் மண் அழுத்தினாலும் உள்ளே இருப்பது நசுங்காது. முழுக்கடலிலும் நடக்காதது ஒரு சாண் அகலத்தில் நடந்த இடங்கள் அவை. பாஸ்பேட் உருண்டைகளின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

ஸ்டோலிச்காவைப் பற்றிச் சொல்ல மிச்சம் வைத்தது இங்கே வருகிறது. தென்னிந்தியச் சிப்பிகளை எழுதத் தொடங்கிய அதே ஆண்டுகளில் அவர் கோடைக்காலங்களில் இமயத்துக்குப் போனார். ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் அடுக்குகளை அளந்து, கூலிங் என்றும் லிலாங் என்றும் பெயரிட்டார். கூலிங் ஒரு கறுப்புக் களிப்பாறை, பெர்மியன் காலத்தது. லிலாங் ட்ரையாசிக் காலத்தது. இரண்டுக்கும் இடையே 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவின் எல்லை ஓடுகிறது. கடல் உயிரினங்களில் பத்தில் எட்டுக்கு மேல் அழிந்த அந்த எல்லையை ஸ்ரீநகருக்கு அருகே குரியுல் பள்ளத்திலும் பார்க்கலாம். சைபீரிய எரிமலைகள், சூடு, ஆக்சிஜன் இழப்பு என்று அதே வரிசை, ஆனால் பலமடங்கு பெரிய அளவில். அதில்தான் இக்தியோசரின் மூதாதைகளுக்கு இடம் திறந்தது. ஒரு குலத்தின் வாசல் ஸ்பிதியிலும் அதன் கடைசி நாட்கள் காரையிலும் பதிந்திருக்க, இரண்டு இடத்துப் பாறைகளையும் எழுதிய கை ஒன்றே. தான் தொட்டது எந்தக் கதையின் இரு முனை என்பதை அறிய ஸ்டோலிச்காவுக்கு வாய்க்கவில்லை.

இன்றைய வங்கக் கடலிலும் 100 மீட்டருக்குக் கீழே தொடங்கிப் பல நூறு மீட்டர் ஆழம் வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த ஒரு நீரடுக்கு இருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் மற்ற ஆறுகளும் கொட்டும் நன்னீர் மேலே மூடியாகப் பரவி, கீழ்நீரோடு காற்றுக் கலக்கவிடாமல் தடுக்கிறது. 2017இல் வெளியான அளவீடுகள், அங்கே மிச்சமிருக்கும் ஆக்சிஜன் மிக நுண்ணிய அளவுதான் என்று காட்டின. முழுமையாகத் தீரவில்லை. அது தீர்ந்தால் கடலின் நைட்ரஜன் கணக்கே மாறிவிடும் என்பதால்தான் விஞ்ஞானிகள் இத்தனை கூர்மையாகப் பார்க்கிறார்கள். காரைக் களிமண்ணைப் படிக்கிறவர்கள் பழங்கதையில் மட்டும் ஆர்வம் கொண்டவர்கள் என்று நினைக்க வேண்டாம். விளிம்பில் நின்று தப்பிய ஒரு கடலின் கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது.

அதனால்தான் ஒரு விஷயத்தைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. காரைக்கு வருகிறவர்கள் பைநிறையப் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். அழகான அம்மோனைட் ஓர் அலமாரிக்குப் போய்விடுகிறது. எந்த மேட்டில், எந்த அடுக்கில், எந்த மணற்கீற்றுக்கு எத்தனை அடி கீழே கிடந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அது செனோமேனியனில் வாழ்ந்ததா, தூரோனியனில் வாழ்ந்ததா என்று சொல்ல வழியில்லாமல் போகலாம். ஆக்சிஜன் இழப்புக்கு முன் இருந்ததா, பின் இருந்ததா என்பதுதான் முழுக் கேள்வியும். 1840களின் பெட்டிகளில் இருந்த குறையை, பிளான்ஃபோர்ட் நடந்து தீர்த்த குறையை, நாம் திரும்பவும் உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம். பார்க்க விரும்புகிறவர்களுக்கு அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் தொல்லுயிர் அருங்காட்சியகம் இருக்கிறது. மேட்டில் கிடப்பதைப் படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், கல்லை அங்கேயே விடுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்கள் இதைச் சொல்லிக்கொடுத்தால், அடுத்த தலைமுறையில் ஒருவராவது அந்த எல்லையை அங்குலம் அங்குலமாக அளப்பார்.

தூரோனியனில் காரைக் கடல் மெல்ல ஆழம் குறைந்தது. மேற்கிலிருந்து மணல் இறங்கியது. காரைக்கு மேலே கருடமங்கலப் படிவு அமர்கிறது; அதன் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பியும் நத்தையும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அம்மோனைட்டுகள் புதிய வடிவங்களோடு வந்தன. இக்தியோசர் விட்டுப்போன இடத்தைப் பிற கடல்களில் மோசசார்களும் பெருஞ்சுறாக்களும் எடுத்துக்கொண்டன. அந்தக் கடலுக்குள் கரையிலிருந்து ஒரு பெருமரம் அடித்துக்கொண்டு வந்து மூழ்கியது. 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி அறிவித்தார். நீளம் 18 மீட்டர். அடுத்த இதழில் சாத்தனூர்.